மதுரைப் பக்கம் வயக்காட்டு விலையும் மேய்ச்சக்காட்டு விலையும் நாமளே கணிக்கிறது எப்படி

எங்க சித்தப்பா 2019ல வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வயலை வித்தாரு, அக்கா கல்யாணத்துக்குப் பணம் வேணும், ஒரே ஒரு புரோக்கர்கிட்ட கேட்டாரு, அவரு சொன்ன விலைதான் ஊர் விலைன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா அதே மடை, அதே வாய்க்கா, ரெண்டு வயல் தள்ளி ஒருத்தர் அதுல ஒண்ணே முக்கால் மடங்குக்கு வித்துருக்காரு. சித்தப்பா இப்பவும் அந்தப் பக்கம் பஸ்ஸுல போனா ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டாரு. அன்னைக்குத்தான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குனேன், எங்க பக்கம் எந்த நிலம் என்ன விலைக்கு முடியுதுன்னு எழுத ஆரம்பிச்சேன். இப்ப சொந்தக்காரங்க யாரு நிலம் வாங்குனாலும் வித்தாலும் அந்த நோட்டைக் கேட்டு வாராங்க, அதனால எப்படி எழுதுறேன்னு முழுசா சொல்லிர்றேன், நீங்களும் உங்க ஊருக்கு ஒண்ணு போட்டுக்கிருங்க.

அமெரிக்காவுல விவசாயத் துறையே வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் ஒரு பட்டியல் விடுறாய்ங்க, சாகுபடி நிலம் தனி, மேய்ச்சல் நிலம் தனி, பாசனம் உள்ளது தனி இல்லாதது தனின்னு மாநிலம் மாநிலமா. 2024ல நாட்டுச் சராசரி சாகுபடி நிலம் ஏக்கர் 5,570 டாலர், மேய்ச்சல் நிலம் 1,830 டாலர். ஜூன் மாசம் விவசாயிகளையே நேரா கேட்டு எடுக்குற கணக்கு அது. அதுல நான் எடுத்துக்கிட்டது அந்தத் தொகையை இல்ல, பிரிக்கிற முறையை. சாகுபடி நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும், தண்ணி உள்ளதையும் இல்லாததையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுனா எந்த விலையும் புரியாது. நம்ம ஊர்ல அந்த மாதிரி பட்டியல் கைக்கு வராது, நாமதான் எடுக்கணும்.

முதல்ல ஏரியாவைப் பிரிங்க. தாலுகா வச்சுப் பிரிக்காதீங்க, தண்ணி வச்சுப் பிரிங்க. மதுரையில நில விலைக்கு அடிப்படை பெரியாறு தண்ணிதான், 1895ல பெரியாறு அணை வந்தப்புறம் தேக்கடிச் சுரங்கம் வழியா வந்து வைகையில சேர்ந்து, பேரணையில இருந்து பெரியாறு மெயின் கால்வாய்ல பிரியுது. பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதோட திருமங்கலம் கால்வாயையும் சேத்தா 1,05,002 ஏக்கர். இருபோகத்துக்கு ஜூன்ல தண்ணி விட்டா, ஒருபோகத்துக்கு செப்டம்பர் வாக்குலதான், அதுவும் அணையில இருப்பு இருந்தாத்தான். அதனால சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வயலும் மேலூர் வயலும் சிட்டாவுல, அதாவது வருவாய்த்துறை நிலப் பதிவுல, ரெண்டுமே நன்செய்னுதான் இருக்கும், ஆனா ஒண்ணுல வருஷம் ரெண்டு வெள்ளாமை, இன்னொண்ணுல ஒண்ணு. நன்செய்னு எழுதியிருக்குன்னு ரெண்டுக்கும் ஒரே விலை போடுறவய்ங்களை நான் நிறையப் பாத்துட்டேன்.

உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய்னு ஒண்ணு இருக்கு. வைகை அணை முழுக்கொள்ளளவு 71 அடி, அதுல 67 அடி வந்தாத்தான் அந்தக் கால்வாய்க்கே தண்ணி ஏறும், அப்ப வராத வருஷங்களை யோசிச்சுக்கிருங்க. "கால்வாய்ப் பாசனம்"னு ஒருத்தர் சொன்னா எந்தக் கால்வாய், கடைசியா எந்த வருஷம் வந்துச்சு, தலைமடையா கடைமடையா, இந்த மூணையும் கேளுங்க. கடைமடைன்னா அதுக்குன்னு தனிக் கட்டம் போட்டு எழுதுங்க, ஒரே வாய்க்காலா இருந்தாலும் அது வேற நிலம்.

அடுத்து கிணத்துப் பாசனம், நம்ம ஊர் வாயில தோட்டம். இங்க விலையில பாதி கரண்டு. இலவச மின்சார சர்வீஸ் ஓடிக்கிட்டு இருக்குற தோட்டமும், சர்வீஸுக்கு எழுதிப்போட்டுட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்குற தோட்டமும் ஒண்ணு கிடையாது. சர்வீஸ் யார் பேர்ல இருக்கு, கிணத்துல எத்தனை பேருக்குப் பங்கு, பங்கு தண்ணிக்கு மட்டுமா மோட்டாருக்குமா, பத்திரத்துல எழுதியிருக்கா, இதெல்லாம் விலைக்குள்ள வர்ற விஷயம். போர் எத்தனை அடின்னு மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க, சித்திரை வைகாசியில எவ்வளவு நேரம் ஓடும்னு கேளுங்க. உப்புத்தண்ணியா இருந்தா விலை அடியோட மாறிரும், ஒரு பாட்டில் தண்ணியும் அரைக் கிலோ மண்ணும் எடுத்து ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலயோ மண் பரிசோதனை நிலையத்துலயோ கொடுத்துட்டா தெரிஞ்சுரும், அதுக்கு ஆகுற செலவு ஒரு சென்ட் விலையில ஓரத்துக்குக் கூட வராது.

மூணாவது காடு, அதாவது மானாவாரிப் புஞ்சை. பேரையூர், தே.கல்லுப்பட்டி, திருமங்கலத்துக்குத் தெக்க கரிசல், பருத்தி மக்காச்சோளம் போடுவாங்க, மேலூர் கொட்டாம்பட்டிப் பக்கம் செவல், மா, தென்னை, கடலை. கரிசல்ல வண்டிப்பாதை இல்லைன்னா மழை பேஞ்ச நாள்ல டிராக்டர் உள்ள போகாது, செவல்ல அந்தத் தொந்தரவு கம்மி. சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தா வேரோட தோண்டி எடுக்குற செலவை விலையில கழிச்சுருங்க.

இப்ப விலை எடுக்குறது. பதிவுத்துறை சைட்டுல கைடுலைன் வேல்யூ, அதாவது பதிவுக்கு அரசு வச்ச மதிப்பு, இலவசமாப் பாக்கலாம், கிராமமும் சர்வே நம்பரும் போட்டா வந்துரும். இது அடிமட்டக் கோடு மாதிரி, சந்தை விலை கிடையாது. இதை வச்சு ட்ரெண்டு பாக்குறவங்க ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிருங்க. 2017 ஜூன்ல அரசு கைடுலைனை ஒரே நாள்ல 33 சதவீதம் குறைச்சுச்சு, அதே நேரத்துல பதிவுக் கட்டணத்தை 1ல இருந்து 4 சதவீதம் ஆக்குனாங்க. 2023 ஏப்ரல்ல திரும்பப் பழைய மதிப்புக்கே கொண்டு போனாங்க, கட்டணத்தை 2 சதவீதமாக் குறைச்சாங்க. 2024 ஜூலையில இன்னொரு தடவை மாத்துனாங்க. 67ல இருந்து 100க்குப் போனா கணக்குல 49 சதவீதம் ஏத்தம்னு காட்டும், ஆனா அந்த ராத்திரி உங்க ஊர் மண்ணுல ஒண்ணும் நடக்கல. இது தெரியாம "கவர்மென்ட் ரேட்டே பாதி ஏறிருச்சு"ன்னு சொல்லி விலை ஏத்துறவங்க இருக்காங்க, அப்ப இந்த வருஷங்களை எடுத்துச் சொல்லுங்க.

அதை விட நல்ல சாமான் வில்லங்கச் சான்று, சுருக்கமா ஈசி. எல்லாரும் இதை வில்லங்கம் இருக்கான்னு பாக்க மட்டும்தான் எடுக்குறாங்க, நான் விலை பாக்க எடுக்குறேன். அதே சைட்டுல சர்வே நம்பர் போட்டு ஈசி பாத்தா ஒவ்வொரு பத்திரத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்புன்னு ரெண்டு தொகை இருக்கும், விஸ்தீரணமும் இருக்கும். உங்க நிலத்துக்கு மட்டும் பாக்காதீங்க, சுத்தி இருக்குற பத்துப் பதினஞ்சு சர்வே நம்பரையும் போடுங்க, ஒரு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சுரும். அதுல கிரையப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கிருங்க. தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் இதெல்லாம் குடும்பத்துக்குள்ள நடக்குறது, விலை சொல்லாது. அண்ணன் தம்பிக்குள்ள கிரையம்னு எழுதியிருந்தாலும் விடுங்க. அப்புறம் அஞ்சு சென்ட், எட்டு சென்ட் கிரையத்தை ஏக்கர் கிரையத்தோட சேக்காதீங்க, சின்னத் துண்டு எப்பவும் சென்ட்டுக்குக் கூடத்தான் போகும்.

பத்திரத்துல எழுதுற தொகை பல நேரம் கைடுலைனை ஒட்டித்தான் இருக்கும், நிஜமா கைமாறுனது கூட இருக்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதனால ஈசியில கிடைச்ச ஒவ்வொரு கிரையத்தையும் எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போகணும். புரோக்கர்கிட்ட கேட்டா சொல்ற விலை கிடைக்கும், நமக்கு வேணும்கிறது முடிஞ்ச விலை. அது யாருக்குத் தெரியும்னா பக்கத்து வயக்காரருக்குத் தெரியும், பத்திரம் எழுதுறவருக்குத் தெரியும், கடன் கொடுக்குற கூட்டுறவு சொசைட்டியில இருக்குறவங்களுக்கு ஓரளவு தெரியும். டீக்கடையில "அண்ணே, கிழக்க அந்தப் புளியமரத்து வயலு என்ன வெலைக்கு முடிஞ்சுச்சு"ன்னு கேட்டா "எனக்கென்னப்பா தெரியும்"பாங்க, அதையே "பதினெட்டுக்கு முடிஞ்சுச்சாம்ல"ன்னு ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, "யாரு சொன்னது, அம்புட்டுக்கெல்லாம் இல்ல"ன்னு சரியான தொகை தானா வந்துரும். மூணு பேர்கிட்டக் கேட்டு நடுவுல இருக்குறதை எழுதுங்க.

அளவுல ஏமாந்துராதீங்க. சிட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ்னு இருக்கும், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 சென்ட், 0-40.50னு போட்டுருந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர். குழி, குறுக்கம்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அது ஊருக்கு ஊரு மாறும், அதனால எல்லாத்தையும் சென்ட்டுக்கு மாத்திட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். சொல்ற விலைக்குள்ள ரெண்டு விலை ஒளிஞ்சுருக்கு, ஒண்ணு வெள்ளாமை விலை, இன்னொண்ணு மனை ஆசை விலை. இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுச்சு. பிரிக்கிறதுக்குக் குத்தகைதான் கத்தி. அந்த நிலம் குத்தகைக்கு என்ன போகும்னு கேளுங்க, மூடைக் கணக்குல சொன்னா அந்த வருஷ நெல் விலையால பெருக்கி ரூபாயாக்குங்க. ஒரு கணக்குக்கு வருஷக் குத்தகை ஏக்கருக்கு 20,000 ரூபா, சொல்ற விலை 40 லட்சம்னு வச்சுக்குவோம், அப்ப வருமானம் அரை சதவீதம். இன்னொரு இடத்துல குத்தகை 12,000, விலை 8 லட்சம்னா ஒண்ணரை சதவீதம். ரெண்டாவது நிலத்துல நீங்க மண்ணுக்குக் காசு கொடுக்குறீங்க, முதல் நிலத்துல ரோட்டுக்கும் நாளைக்கு வரப்போற பிளாட்டுக்கும் கொடுக்குறீங்க. விவசாயம் பண்ண வாங்குறவங்க முதல் நிலத்துப் பக்கம் போகவே வேண்டாம்னு நான் வெளிப்படையாவே சொல்லுவேன். ஒத்திக்கு, அதாவது பணத்தை வாங்கிக்கிட்டு திருப்பிக் கொடுக்குற வரைக்கும் நிலத்தை அனுபவிக்க விட்டா, என்ன தொகை கொடுப்பாங்கன்னும் கேட்டு வச்சுக்கிருங்க, ஒத்திப் பணம் கொடுக்குறவரு வெள்ளாமையை மட்டும்தான் பாப்பாரு, அவரு சொல்றதுல ஆசை கலந்துருக்காது.

"சென்ட் ஒரு லட்சம் போகுது, அப்ப ஏக்கர் ஒரு கோடி"ன்னு பெருக்குறவங்களை நம்பாதீங்க. பிளாட் போட்டா ரோட்டுக்குப் போகும், பார்க்குக்குப் போகும், அப்ரூவலுக்குச் செலவு, விக்கிற வரைக்கும் வட்டி, இதெல்லாம் போக மிச்சம் இருக்குற காசுதான் ஏக்கரோட நூறு சென்ட்டுக்கும் பங்காகும். 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் வயலை அப்படியே கல் நட்டு விக்கிற கதை பழைய மாதிரி ஓடாது.

திட்டம் வருதுன்னு சொல்ற செய்திக்கு நோட்டுல தனிப் பக்கம் போடுங்க. தோப்பூர்ல எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில அடிக்கல் நாட்டுனாங்க, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நிலத்துல கை வச்சவங்க எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு நாம பாத்தோம். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 2023ல திறந்தாச்சு, கீழக்கரை ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரியில திறந்தாச்சு, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற விஷயம். மறுபக்கம் அரிட்டாபட்டி. 2024 நவம்பர்ல டங்ஸ்டன் ஏலச் செய்தி வந்துச்சு, மேலூர்ப் பக்கம் ஊர் ஊரா ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்த ரெண்டு மாசத்துல எங்க மாமா ஒருத்தருக்கு மேலூர்ப் பக்கம் பேசி முடிச்ச கிரையம் நின்னு போச்சு, வாங்க வந்தவரு போனையே எடுக்கல. ரத்தானதும் அவரே திரும்பி வந்தாரு. ஒரு செய்தியில விலை அப்படியே உறையவும் செய்யும், உருகவும் செய்யும், அதனால எந்தக் கிரையம் எந்த மாசம் நடந்துச்சுன்னு மாசத்தோட எழுதுங்க, வருஷம் மட்டும் போதாது.

மேய்ச்சல் நிலத்தைப் பத்தி யாரும் எழுதுறதே இல்ல, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன். நம்ம ஊர்ல மேய்ச்சல் ரெண்டு வகை. ஒண்ணு பட்டாக் காடு, தரிசாக் கிடக்குற புஞ்சை, இன்னொண்ணு மேய்க்கால் புறம்போக்கு. ரெண்டாவதுக்கு விலையே கிடையாது, அது ஊர்ச் சொத்து. "உங்க நிலத்தை ஒட்டி மூணு ஏக்கர் புறம்போக்கு இருக்குண்ணே, வேலியைத் தள்ளிப் போட்டு அனுபவிச்சுக்கலாம்"னு சொல்லி அதுக்கும் சேத்து விலை கேக்குறாய்ங்க. ஒரு பைசா கொடுக்காதீங்க. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமிச்சவங்களை அப்புறப்படுத்தணும்னு 2011 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, பஞ்சாப் வழக்கு அது, ஆனா எல்லா மாநிலத்துக்கும் சேத்துத்தான் உத்தரவு. கிராமத்து நிலப் பதிவேடான ஏ ரெஜிஸ்டரை எடுத்து அந்த சர்வே நம்பருக்கு நேரா என்ன போட்டுருக்குன்னு பாருங்க, மேய்க்கால், மந்தை, கண்மாய், ஓடைன்னு இருந்தா அதோட பேச்சை விட்டுருங்க. பஞ்சமி நிலம், கோயில் நிலம், நிபந்தனைப் பட்டா இதெல்லாம் விக்கிறதுக்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ளது, மலிவாச் சொல்றாங்கன்னா அந்த மலிவுக்குக் காரணம் அதுதான், அந்தத் தொகையை உங்க விலைப் பட்டியல்ல சேத்து சராசரியைக் கெடுத்துக்காதீங்க.

பட்டாக் காட்டுக்கு விலை போடும்போது எத்தனை மாசம் பச்சை இருக்கும்னு கேளுங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் தை மாசி வரைக்கும் புல்லு இருக்குற காடு ஒரு விலை, மார்கழியிலயே காஞ்சு போற காடு ஒரு விலை. கொழுக்கட்டைப்புல்லு தானா முளைச்சுக் கிடந்தா அது நல்ல அடையாளம், ஆடு விரும்பித் தின்னும், வறட்சி தாங்கும். குடிக்கத் தண்ணி எம்புட்டுத் தூரம்னு நடந்து பாருங்க, ஊருணி பக்கத்துல இருக்குற காட்டுக்கு ஆடு வளக்குறவங்க கூடக் கொடுக்குறாங்க. கொஞ்சம் தண்ணி இருந்து கோ.எஃப்.எஸ் 29 தீவனச் சோளமோ கம்பு நேப்பியரோ போட முடியும்னா அது மேய்ச்சல் நிலக் கணக்குல வராது, தோட்டக் கணக்குல போடுங்க.

புலிக்குளம் கிடைமாடு வச்சுருக்குறவங்ககிட்டயும், எருவுக்காக ராத்திரி வயல்ல செம்மறி மந்தையை அடைச்சுக் கிடை போடுற கீதாரிகள்கிட்டயும் பேசிப் பாருங்க, எந்தக் காட்டுல எப்பப் புல்லு, எந்த வயல்ல அறுப்பு முடிஞ்சு கிடை போடக் கூப்புடுறாங்க, ஒரு ராத்திரிக்கு என்ன கொடுக்குறாங்க, எல்லாம் அவங்க வாயில இருக்கு. வருஷம் தவறாம கிடை போட்ட நிலம்னா நான் நோட்டுல ஒரு ஸ்டார் போட்டுருவேன், அந்த மண்ணு வேற. மேற்க சாப்டூர்ப் பக்கம் மலை அடிவாரம்னா இன்னொண்ணும் சேருது. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்துச்சு, 2022 மார்ச்சுல காட்டு மேய்ச்சலுக்கு ஹைகோர்ட் தடை போட்டு அப்புறம் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு சுருக்குச்சு. காட்டுக்குள்ள போன மாடு இப்ப அடிவாரத்துப் பட்டாக் காட்டைத்தான் நம்பணும், அதனால அங்க மேய்ச்சல் குத்தகை கேக்குறவங்க இருக்காங்களான்னு அவசியம் விசாரிங்க.

நோட்டுல ஒரு வருஷம் சேர்ந்ததும் ட்ரெண்டு பாக்கலாம். அதுக்குப் பெரிய கணக்கு ஒண்ணும் வேண்டாம், ஒரே மடையில பழைய கிரையம் ஒண்ணு, புதுக் கிரையம் ஒண்ணு எடுத்து ஒப்பிடுங்க. பத்து வருஷத்துல ரெண்டு மடங்கு ஆச்சுன்னா கேக்கப் பெருசாத் தெரியும், வருஷத்துக்கு 7 சதவீதம் சொச்சம்தான் அது. மூணு மடங்குன்னா பதினொண்ணரை. "எங்கப்பா அம்பதாயிரத்துக்கு வாங்குனது இன்னைக்கு அரைக் கோடி"ன்னு யாராச்சும் சொன்னா எத்தனை வருஷத்துலன்னு கேட்டுப் பிரிங்க. இருபோக வயல், ஒருபோக வயல், தோட்டம், கரிசல், செவல், மேய்ச்சக்காடு ஆறுக்கும் தனித்தனிக் கோடு போட்டுப் பாத்தா எது மெதுவா ஏறுது, எது ரோடு வந்ததால எகிறுதுன்னு பளிச்சுன்னு தெரியும்.

விலை முடிவானதும் மேல எவ்வளவு ஆகும்னு சேருங்க. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9. 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணம் 2ல இருந்து 1 சதவீதமாக் குறையுது, சின்னதா ஒரு மேய்ச்சக்காடு வாங்குறவங்களுக்கு இது நல்லாவே உதவும், அம்மா பேர்லயோ சம்சாரம் பேர்லயோ வாங்குங்க.

விக்கிறவங்களுக்கு தூரம் முக்கியம். மதுரை மாநகராட்சி எல்லையில இருந்து 8 கிலோமீட்டருக்கு வெளிய இருக்குற விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, பத்தாயிரத்துக்கு மேல ஒரு லட்சம் வரைக்கும் ஜனம் இருக்குற மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மாதிரி நகராட்சின்னா 2 கிலோமீட்டர். ரெண்டையும் தாண்டி இருக்கணும். ரோட்டுத் தூரம் கணக்கில்ல, நேர்கோட்டுத் தூரம், ரோட்டுல பத்து கிலோமீட்டர் வர்ற ஊரு நேர்கோட்டுல ஏழாக்கூட இருக்கும். மேப்புல எல்லைக் கோட்டுல இருந்து நூல் பிடிச்ச மாதிரி அளந்து அந்தத் தூரத்தையும் நோட்டுல எழுதிட்டு, அப்புறமா அட்வான்ஸ் வாங்குங்க.